கார் ஷெட்டில் வாசித்தவர்கள்

டெட்ராய்ட் நகரில், மேற்கு கிராண்ட் பூல்வார்டில், 2648 என்ற எண்ணுள்ள வீட்டை வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ ஒரு நடுத்தரக் குடும்பம் குடியிருக்கும் வீடு என்றுதான் தோன்றும். குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி பெர்ரி கார்டி தொடங்கிய மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனம் 1959ல் இங்கே குடிவந்தது. அதற்கு முன் ஒரு புகைப்படக்காரர் தொழில் நடத்திய வீடு. அவர் பயன்படுத்திய கார் ஷெட்தான் ஒலிப்பதிவுக் கூடமாயிற்று. கூரையிலிருந்து ஒயர்கள் தாறுமாறாகத் தொங்கியதால் வாசிப்பவர்கள் அதைப் பாம்புக்குழி என்றே அழைத்தார்கள். நாளொன்றுக்கு 22 மணி நேரம் அந்த அறை இயங்கியது. சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், மார்வின் கே, ஸ்டீவி வொண்டர் என்று உலகமே அறிந்த குரல்கள் அங்கே பதிவாயின.

இன்று அது அருங்காட்சியகம். கார்டியின் அக்கா எஸ்தர் கார்டி எட்வர்ட்ஸ் 1985ல் அதை நிறுவினார். 2011ல் பார்க்க வந்த பால் மெக்கார்ட்னி, அங்கிருந்த 1877ஆம் ஆண்டு ஸ்டெயின்வே பியானோ வாசிக்க முடியாத நிலையில் இருப்பதைக் கண்டு, அதைச் சீராக்க உதவினார். மறு ஆண்டே பியானோ மீண்டும் பேசியது. அறை பிழைத்தது, பியானோ பிழைத்தது. அங்கே வாசித்தவர்களின் கதைதான் நீண்ட காலம் கேட்பாரற்றுக் கிடந்தது.

அவர்கள் தங்களை ஃபங்க் பிரதர்ஸ் என்று அழைத்துக்கொண்டார்கள். பெரும்பாலானோர் டெட்ராய்ட் கிளப்புகளில் ஜாஸ் வாசித்தவர்கள். பகலில் பாம்புக்குழியில் பாட்டுகளுக்கு வாசித்துவிட்டு, இரவில் தங்கள் விருப்பத்துக்கு கிளப்பில் வாசித்தார்கள். வெளியாரின் பதிவுகளுக்குப் போகக் கூடாது என்பது நிறுவனத்தின் கட்டளை. ஆனாலும் ரகசியமாகப் போனார்கள். ஜாக்கி வில்சனின் 1967ஆம் ஆண்டுப் புகழ்பெற்ற பாட்டான 'ஹையர் அண்ட் ஹையர்' அவர்களில் சிலர் சிகாகோ போய் வாசித்ததுதான். மோட்டவுன் தட்டுகளின் உறையில் பாடியவரின் படம் இருந்தது, எழுதியவரின் பெயர் இருந்தது. வாசித்தவர்களின் பெயரை மோட்டவுன் முதன்முதலாக அச்சிட்டது 1971ல், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில். அடுத்த ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பெயர்ந்துவிட்டது. ஸ்டூடியோ கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் தங்களுக்கு வேலையில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தது.

இதையெல்லாம் பொதுமக்கள் அறியச் செய்தது 2002ல் பால் ஜஸ்ட்மன் இயக்கிய 'ஸ்டாண்டிங் இன் தி ஷேடோஸ் ஆஃப் மோட்டவுன்' என்ற ஆவணப்படம். ஆலன் ஸ்லட்ஸ்கி 1989ல் பேஸ் கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனைப் பற்றி எழுதிய புத்தகத்திலிருந்து முளைத்தது அது. இன்றைய பாடகர்களை மேடையேற்றி நடத்திய கச்சேரிக்குப் படம் அதிக நேரம் கொடுத்துவிட்டது என்பது என் எண்ணம். முதியவர்கள் அந்தப் பழைய அறையில் கூடி, இறந்துபோன தோழர்களைப் பற்றிப் பேசும் பகுதிகள்தான் படத்தின் உயிர்.

அதில் ஒரு நிகழ்ச்சி என்னை விட்டு அகலவே இல்லை. கிட்டார் கலைஞர் ராபர்ட் ஒயிட் ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒலிபெருக்கியில் 'மை கேர்ள்' தொடங்குகிறது. அந்தத் தொடக்கக் கிட்டார் வரி அவர் விரல்களில் பிறந்தது, உலகில் அதைக் கேட்காதவர் குறைவு. பரிமாற வந்தவரிடம் அதைச் சொல்ல வாயெடுக்கிறார். பிறகு பேச்சை மாற்றி, சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுகிறார். யாரோ ஒரு கிழவர் உளறுகிறார் என்று நினைத்துவிடுவார் என்ற தயக்கம். ஒயிட் 1994ல் காலமானார். படம் வர இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன.

ஜேமர்சனின் கதை இதைவிடக் கசப்பானது. வலது கையின் சுட்டுவிரலால் மட்டுமே அவர் வாசித்த பேஸ், அந்தக் கருவியை வாசிக்கும் முறையையே மாற்றியது. 1983ல் மோட்டவுனின் வெள்ளிவிழா நிகழ்ச்சிக்கு அவரும் போனார், தானே டிக்கெட் வாங்கிக்கொண்டு, பார்வையாளராக. அந்த ஆண்டு ஆகஸ்டில் 47 வயதில் இறந்தார். 2000ல் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடம் பக்கவாத்தியக் கலைஞர்களுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியபோது, முதல் ஆண்டிலேயே அவர் பெயர் இடம்பெற்றது.

பாட்டுகளைப் பதிவு செய்யும் முறையும் மாறிவிட்டது. அன்று முதலில் மிகச் சில டிராக்குகள்தான், அறுபதுகளின் நடுவில் எட்டு. எல்லோரும் ஒரே அறையில், ஒருவர் முழங்கால் மற்றவர்மேல் இடிக்கிற நெருக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றாக வாசிக்க வேண்டும். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்று டிராக்குகளுக்குக் கணக்கில்லை. பேஸ் வாசிப்பவர் தன் வீட்டில் வாசித்து ஃபைலாக அனுப்புகிறார், டிரம்ஸ் வாசித்தவர் யாரென்று தெரியாமலே. தவறிய ஒரு ஸ்வரத்தை மட்டும் திருத்தினால் போதும். சிற்றூரில் இருப்பவருக்கும் பெருநகரத்தின் வேலை கிடைக்கிறது, அது சிறிய லாபமல்ல. ஆனால் ஃபங்க் பிரதர்ஸில் ஒருவரான பென்னி பெஞ்சமினின் டிரம்ஸைக் கேட்டு அந்த நொடியிலேயே ஜேமர்சனின் விரல் கொடுத்த பதில், தனித்தனியே அனுப்பிச் சேர்த்த ஃபைல்களில் பிறப்பதில்லை.

பெயர் தெரியாமல் வாசித்தவர்களின் கதை மற்ற ஊர்களிலும் இதேதான். லாஸ் ஏஞ்சல்ஸின் 'ரெக்கிங் க்ரூ' வாத்தியக் குழுவைப் பற்றிய படத்தை, அதில் கிட்டார் வாசித்த டாமி டெடெஸ்கோவின் மகன் டென்னி எடுத்தார். தந்தைக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு 1996ல் தொடங்கினார். 2008ல் படம் திரைவிழாவுக்கு வந்துவிட்டது, ஆனால் பாட்டுகளுக்கான உரிமைத் தொகை கட்டி முடித்துத் திரையரங்குக்கு வர 2015 ஆயிற்று. தந்தை அன்று கூலி வாங்கி வாசித்த பாட்டுகளுக்கு மகன் பணம் கட்ட வேண்டியிருந்தது. அலபாமாவின் மஸில் ஷோல்ஸ் பகுதிக்கு மட்டும் அங்கே வாசித்தவர்களைப் பற்றிய படம் நேரடியான நன்மை செய்தது. 1969ல் ரோலிங் ஸ்டோன்ஸ் பதிவு செய்த, 3614 ஜாக்சன் நெடுஞ்சாலையில் உள்ள சிறிய கட்டடம், 2013ல் படம் வந்த பின் கிடைத்த நிதியால் செப்பனிடப்பட்டு 2017ல் மீண்டும் திறந்தது.

அன்று பெயர் எழுதிவைக்காததற்கான விலையை இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் பாட்டில் யார் வாசித்தார் என்ற வாதம் இன்னும் முழுதாக ஓயவில்லை. சாட்சி சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஃபங்க் பிரதர்ஸில் 13 பேரை அங்கீகரித்து, 2004ல் கிராமி அமைப்பு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது. அவர்களில் 6 பேர்தான் அப்போது உயிரோடு இருந்தார்கள்.