சலதாரை ஓரம் வரிக் கல்வாழை!

காரமடை ரங்கநாதர் மாசித் தேருக்கு வந்திருந்த என் நங்கை, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, பொடக்காலியில் நின்றபடி கேட்டார்: "ஏங் கண்ணு, போன வருசம் நீ குடுத்த கல்வாழை ஒரு பூக்கூட உடலையே! பக்கத்துல இருந்த செவப்புக் கல்வாழையும் சேந்து நோஞ்சானாப் போச்சு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இலையில் மஞ்சள் வரி ஓடுகிறதே, ஏதோ உசத்தி ரகமாக்கும் என்று ஆசையாய்க் கிழங்கு பிரித்துக் கொடுத்தது நான்தான். நாற்றுப் பண்ணைக்காரர் ஒருவரிடம் இலையைக் காட்டிய பிறகுதான் தெரிந்தது, அது அழகு வரி இல்லை, நோய் வரி!

உங்களுக்கும் அந்தத் தர்மசங்கடம் வர வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

எது அழகு, எது நோய்?

பெங்கால் டைகர், பிரிட்டோரியா என்ற பெயர்களில் விற்பதுதான் அசல் வரிக் கல்வாழை. நடு நரம்பிலிருந்து ஓரம்வரை பச்சையும் மஞ்சளும் கோலக்கோடு போட்டாற்போல் சீராக ஓடும். எல்லா இலையிலும் அப்படியே இருக்கும். செடி 4 முதல் 6 அடி வரை திடமாக வளர்ந்து ஆரஞ்சு நிறத்தில் பூக்கும்.

நோய் வரி அப்படியல்ல. விட்டு விட்டுத் திட்டுத் திட்டாக இருக்கும். நாளாக நாளாகப் பழுப்பாகிக் கிழியும். செடி குட்டையாகும், பூவிலும் கீறல் விழும். இது வைரஸ் நோய். மருந்து கிடையாது. அசுவினிப் பூச்சியும், கிழங்கு வெட்டும் கத்தியும்தான் இதைப் பரப்பும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிழங்கோடு தோண்டி எரித்துவிட வேண்டும். எருக்குழியில் போடக் கூடாது. கத்தியையும் மம்முட்டியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தண்ணீருக்கு என்ன வழி?

மேற்கே நீலகிரி மலை தென்மேற்கு மழையை மறைத்துக்கொள்வதால் நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிசு. ஈரம் கேட்கிற செடிக்கு எங்கே போவது? துவைக்கிற கல் இருக்கிறதே! சலதாரைத் தண்ணீர் கல்வாழைக்குப் பிடிக்கும். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பாத்திகளிலேயே இதை நடுகிறார்கள். ஆனால் சோடாவும் பிளீச்சிங் பவுடரும் கலந்த முதல் தண்ணீரை விடாதீர்கள். அலசிய தண்ணீர் போதும்.

தண்ணீர் குட்டையாகத் தேங்கக் கூடாது. கொசு முட்டை பொரிந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். விட்ட தண்ணீர் அன்றைக்கே மண்ணில் இறங்கும்படி வாய்க்காலைச் சரித்து வெட்டுங்கள்.

நடுவதும் பராமரிப்பதும்

விதை போட்டால் வரி ஒழுங்காக வராது. கிழங்குதான் நட வேண்டும். கடும் கோடையை விட்டு எந்த மாதமும் நடலாம். இரண்டு மூன்று முளை உள்ள துண்டை 3 அங்குல ஆழத்தில், ஒன்றரை அடி இடைவெளியில் வையுங்கள். மக்கிய தொழுவுரம் ஒரு கூடை போதும். காலை வெயில் நன்றாக விழ வேண்டும். நம்ம ஊர் உச்சி வெயிலில் மஞ்சள் பாகம் கருகும் என்பதால் கொஞ்சம் மர நிழல் இருந்தால் நல்லது.

பூத்து முடிந்த தண்டு மறுபடி பூக்காது. அடியோடு வெட்டினால் புதுக் கன்று வரும். சுருட்டிய இலைக்குள் புழு இருக்கும், கிள்ளி நசுக்கிவிடுங்கள். அசுவினி தெரிந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் துளி சோப்பும் கலந்து மாலையில் தெளிக்கலாம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதரைப் பிரித்து நடுங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னொரு நிம்மதி. அழகுக்கு வைக்கும் டிஃபன்பாக்கியா இலையைக் கடித்தால் நாக்கு வீங்கும். கல்வாழைக்கு அந்த நஞ்சு இல்லை. வியட்நாமில் ஒரு வகைக் கல்வாழைக் கிழங்கு மாவில் சேமியாவே செய்கிறார்கள்!

இந்த வருடம் நங்கைக்குப் புதுக் கிழங்கு கொடுத்தேன். ஆனால் உடனே இல்லை. தொட்டியில் நட்டு, நாலு இலை விரிந்து, கோடு சீராக ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பிரியமாகக் கொடுக்கிற பொருள் போகிற வீட்டில் நன்றாக வாழ வேண்டுமல்லவா?