உணவுச் சொற்களும் அவற்றின் உண்மைப் பொருளும்

'பம்பாய் வாத்து' என்ற பெயரைக் கேட்போர் அதனை ஒரு பறவை என்றே எண்ணுவர். உண்மையில் அது மகாராஷ்டிர, குஜராத் கடல்களில் மிகுதியாகப் பிடிபடும் ஒரு மீனாகும். இப்பெயரால் தீங்கு ஏதும் விளைவதில்லை. ஆனால் வேறு சில உணவுச் சொற்களில் நேரும் மயக்கம் பொருள் நஷ்டத்தையும், சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தையும் உண்டாக்கக்கூடும். ஆகையால், மக்களுடன் நேரில் பழகும் களப்பணியாளரும் ஆசிரியரும் இச்சொற்களைத் தெளிவாக அறிந்திருத்தல் அவசியமாகும்.

மீன்களின் பெயர்கள்

ஒரே மீனுக்குப் பல பெயர்கள் உண்டு. வங்காளத்தில் 'இலிஷ்' எனப்படுவதே கோதாவரிக் கரையில் 'புலச' என்றும், தமிழில் 'உள்ளம்' என்றும் வழங்குகிறது. கடலில் வாழும் இம்மீன் முட்டையிடுவதற்காக ஆற்றினுள் ஏறி வருகிறது. இதற்கு மாறாக, வெவ்வேறு மீன்கள் ஒரே பெயரைப் பெறுவதும் உண்டு. வெள்ளை வௌவாலும் கருப்பு வௌவாலும் நெருங்கிய உறவினர் அல்ல. பின்னது பாறை மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. எனவே, பிடிபட்ட மீன்களைக் கணக்கிடுவோர் உள்ளூர்ப் பெயருடன் விஞ்ஞானப் பெயரையும் குறித்தல் வேண்டும்.

மீன் அல்லாத 'மீன்கள்'

இறால், கணவாய், நண்டு ஆகியவற்றை மீன் கடையிலேயே வாங்குகிறோம். ஆயினும் இறாலும் நண்டும் ஓட்டுடலிகள், கணவாய் மெல்லுடலி, இவற்றுள் எதற்கும் முதுகெலும்பு இல்லை. இப்பாகுபாடு பாடப்புத்தகத்திற்கு மட்டும் உரியதன்று. இறால் ஒவ்வாதவர் சிலர் மீனை யாதொரு தொல்லையுமின்றி உண்பர். ஒவ்வாமையை விளைவிக்கும் முக்கியப் புரதம் உஷ்ணத்தைத் தாங்குவதால், நன்றாகச் சமைப்பதாலும் ஆபத்து நீங்குவதில்லை. ஆதலால், 'மீன் ஒத்துக்கொள்ளுமா?' என்று பொதுவாகக் கேட்பது போதாது. ஒவ்வொன்றையும் பெயர் கூறிக் கேட்டல் வேண்டும்.

கொதித்தலும் வேகுதலும்

நீர் கொதித்துவிட்டால் பருப்பும் வெந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கிறது. சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரிலோ ஏறத்தாழ 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அங்கு எவ்வளவு விறகு எரித்தாலும் திறந்த பாத்திரத்திலுள்ள நீர் அதற்கு மேல் சூடேறுவதில்லை. வட இந்தியாவில் விரும்பி உண்ணப்படும் ராஜ்மா அவரையில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. அரைகுறையாக வெந்த ராஜ்மா வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். பிரஷர் குக்கர் நீராவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால், கடல் மட்டத்தில் அதனுள் உஷ்ணநிலை சுமார் 120 டிகிரி வரை உயர்கிறது. மலைநாடுகளில் இக்கருவி எரிபொருளை மிச்சப்படுத்துவதோடு உடல்நலத்தையும் காக்கிறது.

ஈயம் எது?

தமிழ்நாட்டில் ரசம் வைக்க உதவும் 'ஈயச்சொம்பு' வெள்ளீயத்தால் ஆனது. பித்தளை, செம்புப் பாத்திரங்களின் உட்புறத்தில் கலாய் பூசுவதற்கும் அதுவே பயன்படுகிறது. காரீயம் முற்றிலும் வேறான உலோகம். அது நச்சுத்தன்மை உடையது. ஆனால் 'ஈயம்' என்ற ஒரே சொல் இரண்டிற்கும் வழங்குகிறது. வெள்ளீயத்தில் காரீயம் கலந்திருந்தால், புளிப்பான உணவு அதனைக் கரைத்துக்கொள்ளும். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. இவ்வளவு உட்கொண்டால் தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் இல்லை. ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளீயம் சுமார் 7.3 கிராமும், காரீயம் சுமார் 11.3 கிராமும் எடையுள்ளன. எனினும், சிறிதளவு கலப்பைக் கண்ணாலோ கையாலோ கண்டறிய இயலாது. பரிசோதனைச் சாலையில் சோதித்தே அறிய முடியும். தூய்மை உறுதிப்படாத பாத்திரத்தை விலக்கி, எவர்சில்வர் பாத்திரத்தில் சமைக்குமாறு மக்களுக்கு அறிவுறுத்தலாம்.

களப்பணியாளர் தாம் செல்லும் ஊர்களில் வழங்கும் உணவுப் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொன்றும் எப்பொருளைச் சுட்டுகிறது என்பதை நேரில் கண்டு பதிவு செய்தல் நலம். ஆசிரியர்கள் மாணவரைத் தத்தம் வீட்டுப் பாத்திரங்களின் பெயரையும் உலோகத்தையும் விசாரித்து எழுதிவரச் செய்யலாம். 'ஈயம்' என்று எழுதி வரும் மாணவனிடம், அது எந்த ஈயம் என்று தவறாமல் கேட்டல் வேண்டும்.