நொதித்தலும் வடித்தலும் ஒன்றல்ல

வெளிநாட்டில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு அம்பத்தூருக்கோ ஆவடிக்கோ திரும்பும் இளைஞர் ஒருவர், அங்கே பழகிய பொழுதுபோக்கு ஒன்றை இங்கும் தொடர விரும்புவதாக வைத்துக்கொள்வோம். வீட்டிலேயே பீர் தயாரிப்பதுதான் அந்தப் பொழுதுபோக்கு. பிரிட்டனில் இதற்கு உரிமம் தேவையில்லை என்று 1963-லேயே அறிவித்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வயது வந்தோர் இருவர் வாழும் வீட்டில் சொந்தப் பயன்பாட்டுக்காக ஆண்டுக்கு 200 கேலன், அதாவது ஏறத்தாழ 750 லிட்டர் வரை வரியின்றித் தயாரிக்கலாம். தமிழ்நாட்டில் அதே செயல் தண்டனைக்குரிய குற்றம்.

1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் கள், சாராயம், ஒயின், பீர் என ஆல்கஹால் உள்ள அனைத்தையும் 'மது' என்ற ஒரே சொல்லில் அடக்குகிறது. தயாரிப்பது மட்டுமன்றி, அதற்கான பாத்திரங்களையும் மூலப்பொருள்களையும் வைத்திருப்பதும் குற்றமே. சொந்தப் பயன்பாட்டுக்கென வீட்டில் பீர் தயாரிப்போருக்குத் தனி விலக்கு இல்லை.

செய்முறை, இட்லி மாவைப் புளிக்க வைக்கும் நமக்கு அந்நியமானதன்று. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், அதன் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. அந்தச் சாற்றை, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவுடன் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்க்க வேண்டும். ஓரிரு வாரங்களில் சர்க்கரை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறும். பெரும்பாலான பீர் ஈஸ்ட்டுகளுக்கு ஏற்றது 20 டிகிரியை ஒட்டிய வெப்பம் என்பதால், சென்னைக் கோடை இதற்கு உகந்ததன்று. நொதித்தல் முடியுமுன் பாட்டிலில் அடைத்தால் பாட்டில் வெடிக்கக்கூடும். கிடைக்கும் பானத்தில் ஆல்கஹால் பொதுவாக 4 முதல் 6 சதவீதம்தான்.

தொண்டை நாட்டுக்கும் இது புதிதன்று. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, அரிசியிலிருந்து கள் சமைக்கும் முறையை விவரிக்கிறது. வீட்டில் ஆக்கிய நெற்கள்ளுக்குத் 'தோப்பி' என்ற பெயரும் இருந்தது.

சாராயத்தின் கதை வேறு. நொதித்த ஊறலைக் காய்ச்சி, ஆவியைக் குளிர்வித்து வடிப்பதே சாராயம். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டோரையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரையும் பலிகொண்டது மெத்தனால். அது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான வேதிப்பொருள். தானியம் நொதிக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிகமிகச் சொற்பம்.

அப்படியானால் சட்டம் ஏன் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது? மதுவை விற்பதே அரசுதான் என்பதால், வருவாய்தான் காரணம் என்று சொல்லத் தோன்றும். 1983-இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன்வசம் வைத்திருக்கிறது. 2023-24-இல் அதன்மூலம் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். ஆனால், ஒரு சில வீடுகளில் தயாராகும் பீரால் அந்த வருவாய் குறைந்துவிடப் போவதில்லை.

உண்மையான சிக்கல் அமலாக்கத்தில் இருக்கிறது. சாராயத்தின் முதல் கட்டமும் ஊறலே. ஒரு பானை ஊறலைக் காணும் காவலர், அது குடிப்பதற்கா, வடிப்பதற்கா என்று எப்படி அறிவார்? இந்த அச்சத்தை எளிதில் புறந்தள்ள முடியாது. பூந்தமல்லியை அடுத்த குத்தம்பாக்கத்தில் ஒருகாலத்தில் கள்ளச்சாராயம் பல குடும்பங்களின் பிழைப்பாகவும், ஊரின் அமைதிக்குக் கேடாகவும் இருந்தது. 1996-இல் ஊராட்சித் தலைவரான இளங்கோ, மாற்று வாழ்வாதாரங்களை உருவாக்கித்தான் அந்த நிலையை மாற்ற வேண்டியிருந்தது.

எனினும், ஆபத்தின் அளவைப் பார்த்து வரையறுப்பதே நல்ல ஒழுங்குமுறை. உள்ளூர் அலுவலகத்தில் பதிவு, ஆண்டுக்கு இத்தனை லிட்டர் என்ற உச்சவரம்பு, விற்பனைக்கு முழுத் தடை, வடிகலன் வைத்திருந்தால் கடும் தண்டனை ஆகிய நான்கு நிபந்தனைகளே போதும். பீர் தயாரிப்பவரையும் சாராயம் காய்ச்சுபவரையும் பிரித்தறியலாம். காவல் துறையின் கவனமும் மெத்தனால் கடத்தலின் மீது குவியும்.

சட்டப்பேரவை அப்படியொரு திருத்தத்தைக் கொண்டுவரும்வரை, இருக்கும் சட்டமே சட்டம். இணையத்தில் வாற்கோதுமையும் ஈஸ்ட்டும் எளிதாகக் கிடைக்கின்றன என்பதற்காக, அம்பத்தூர் இளைஞர் அதை அனுமதி என்று எண்ணிவிடக் கூடாது.