புற்றுநோய் சிகிச்சையில் துகள் கற்றை

கட்டடத்தின் பாரத்தைத் தாங்கும் உத்திரத்தையும், முடுக்கியிலிருந்து பாயும் துகள் கற்றையையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிப்பர். தொடர்பற்றவை போலத் தோன்றும் இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் துறை புரோட்டான் சிகிச்சையாகும். புற்றுநோய்க்கான இப்புதிய சிகிச்சை முறையின் அடிப்படையையும், அதற்காகப் பொதுப் பணத்தை எந்த அளவுக்குச் செலவிடலாம் என்பதையும் அறிவது பயனுடையது.

அடிப்படைத் தத்துவம்

வழக்கமான கதிர்வீச்சு சிகிச்சையில் பயன்படும் எக்ஸ் கதிர், தோலுக்குச் சற்று அடியில் மிகுதியான ஆற்றலை அளித்துவிட்டு, படிப்படியாகக் குறைந்தவாறே உடலின் மறுபுறம் வெளியேறுகிறது. ஆகவே கட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள நல்ல திசுக்களும் பாதிக்கப்படுகின்றன. மின்னூட்டம் பெற்ற துகள்களின் இயல்பு வேறு. அவை வேகம் குறையக் குறைய அதிக ஆற்றலை வெளியிட்டு, பயணத்தின் இறுதியில் உச்ச அளவை அளித்து நின்றுவிடுகின்றன. இதனை 1904ஆம் ஆண்டளவில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் வில்லியம் பிராக் ஆல்பா துகள்களில் கண்டறிந்தார். இப்பண்பை மருத்துவத்தில் பயன்படுத்தலாம் என 1946இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்சன் எடுத்துரைத்தார். 1954இல் பெர்க்லியில் முதல் நோயாளிக்கு இச்சிகிச்சை அளிக்கப்பட்டது.

துகளின் ஆற்றலை மாற்றினால் அது நிற்கும் ஆழமும் மாறும். 7 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் நீரில் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் ஆழம் செல்லும். 23 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ளது 30 சென்டிமீட்டருக்கும் மேல் செல்லும்.

கட்டுமானப் பொறியியலின் பங்கு

பல திசைகளிலிருந்து கற்றையைச் செலுத்த, கனமான காந்தங்களைத் தாங்கிய எஃகுச் சட்டகம் ஒன்று நோயாளியைச் சுற்றிச் சுழல வேண்டும். புரோட்டானுக்கான சட்டகங்களில் பல 100 டன் அளவு எடையுள்ளவை. புரோட்டானைவிடக் கனமான கார்பன் அயனிகளுக்காக ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் அமைந்த சட்டகத்தின் எடை 600 டன்னுக்கும் அதிகம்.

கான்கிரீட் கட்டுமானத்திற்கான இந்தியத் தர விதி (ஐ.எஸ். 456), பொதுவாக உத்திரத்தின் இறுதித் தொய்வு அதன் நீளத்தில் 250இல் ஒரு பங்குக்கு மிகாதிருக்க வேண்டும் என்கிறது. அதாவது 10 மீட்டர் உத்திரம் 40 மில்லிமீட்டர் வரை தொய்வடையலாம். ஆனால் சிகிச்சைக் கற்றை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் துல்லியத்துடன் இலக்கை அடைந்தாக வேண்டும். இவ்வளவு எடையுள்ள எஃகு தொய்வே அடையாதிருப்பது இயலாது. எனவே ஒவ்வொரு கோணத்திலும் ஏற்படும் தொய்வை அளந்து, காந்தங்களையும் படுக்கையையும் அதற்கேற்பச் சரிசெய்கின்றனர். மேலும், புரோட்டான்கள் பொருள்களில் மோதும்போது நியூட்ரான்கள் தோன்றுவதால் அவற்றைத் தடுக்க 2 மீட்டருக்கும் மேல் தடிமனுள்ள கான்கிரீட் சுவர்கள் தேவைப்படுகின்றன. இச்சிகிச்சையின் செலவு மிகுவதற்கு இவை முக்கிய காரணங்களாகும்.

இந்தியாவின் நிலை

நம் நாட்டில் 2019இல் சென்னையில் தனியார் துறையில் புரோட்டான் மையம் தொடங்கப்பட்டது. டாட்டா நினைவு மையத்தின் நவி மும்பை வளாகத்தில் 2023இல் இச்சிகிச்சை தொடங்கியது. இத்தகைய மையம் ஒன்றை அமைக்கப் பல நூறு கோடி ரூபாய் தேவை. சாதனங்களும் பெரும்பாலும் இறக்குமதியாகின்றன.

மறுபுறம், பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய பாபாட்ரான் என்னும் கோபால்ட் சாதனமும், சமீர் நிறுவனம் உருவாக்கிய சித்தார்த்தா என்னும் நேர்கோட்டு முடுக்கியும் குறைந்த செலவில் கதிர்வீச்சு சிகிச்சை அளிக்க வல்லவை. நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் கருப்பை வாய், வாய், மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றிற்கு வழக்கமான கதிர்வீச்சே சிகிச்சையின் முக்கிய அங்கமாக உள்ளது.

தேர்வின் அவசியம்

புரோட்டானின் பயன் எல்லா நோய்களிலும் ஒரே அளவினதன்று. வளரும் பருவத்துக் குழந்தைகளின் மூளைக் கட்டிகள், கபாலத்தின் அடிப்பகுதிக் கட்டிகள், கண் கட்டிகள் ஆகியவற்றில் நல்ல திசுக்களைக் காப்பது பெரும் நன்மையாகும். ஆனால் ப்ராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயில் புரோட்டானையும் நவீன எக்ஸ் கதிர் சிகிச்சையையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வொன்று, நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என 2024இல் தெரிவித்தது.

ஆகவே, மையங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட, இருக்கும் மையங்களை உரியவர்கள் அடையச் செய்வதே முதற்பணியாகும். எந்நோயாளியை அங்கு அனுப்புவது என்பதற்கு மருத்துவ அடிப்படையில் தெளிவான விதிகள் வேண்டும். 2012இல் தொடங்கப்பட்ட தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பில் இணைந்துள்ள மருத்துவமனைகள் இதற்குத் துணை செய்ய இயலும். தொலைவிலிருந்து வரும் ஏழைக் குழந்தையின் பயணம், தங்குமிடம் ஆகியவையும் சிகிச்சைச் செலவாகவே கருதப்பட வேண்டும். எளிய சாதனம் மாவட்டங்களுக்குப் பரவலாகவும், அரிய சாதனம் அது இன்றியமையாத நோயாளிகளுக்கும் கிடைக்குமாறு திட்டமிடுவதே பொதுப் பணத்தின் முழுப் பயனையும் மக்களுக்கு அளிக்கும்.