குப்பை மேடா, கூலி மேடா?

பொம்மிடியில் ரயிலேறி ஜோலார்பேட்டை வழியே போனால் கோலார் தங்கவயல். தமிழன் பாதாளத்தில் இறங்கிப் பொன் எடுத்தான். ஜான் டெய்லர் கம்பெனி கொழுத்தது! 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. மிஞ்சியது என்ன? வேலையற்ற கைகள், புழுதி கிளப்பும் சயனைடு மேடுகள்!

அம்மேடுகளில் இன்னும் பொன் உண்டு. கழிவிலிருந்து உலோகம் வருமா? வரும்! 1947இல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கக் கழிவுநீரில் ஒரு நுண்ணுயிரைக் கண்டனர். இரும்பும் கந்தகமும் அதற்கு இரை. அது தின்னத் தின்ன அமிலம் பிறக்கும். கழிவுக் கல்லின் செம்பு கரையும். கந்தகக் கல்லில் சிறைப்பட்ட பொன்னும் விடுதலை பெறும்.

2024இல் கோலார் மேடுகளைத் தோண்ட கர்நாடக அமைச்சரவை இசைந்தது. தோண்டட்டும்! நுண்ணுயிரே கழிவை ஒதுக்கவில்லை, மனிதனை ஒதுக்கலாமா? நாம் கேட்கிறோம்: அந்த மேட்டைக் குவித்தவனின் பங்கு எங்கே?