புல் தின்னும் மாட்டுக்கு எலும்புத் தூள்

1984 டிசம்பர். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒரு பண்ணை. 133 என்று எண்ணிட்ட பசு முதுகை வளைத்துக்கொண்டு நின்றது; உடம்பு நாளுக்கு நாள் இளைத்தது. பிறகு தலை நடுங்கியது, கால்கள் தடுமாறின. இரண்டு மாதத்தில் செத்துப்போனது. 1986-இல் வெய்பிரிட்ஜ் கால்நடை ஆய்வகத்தில், இப்படிச் செத்த மாடுகளின் மூளையைச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். ஸ்பாஞ்சு போல எங்கும் பொத்தல்.

காரணம் தீவனத்தொட்டியில் இருந்தது. பால் கூடுதலாகக் கறக்க வேண்டுமே என்று, இறைச்சிக்கூடக் கழிவையும் எலும்பையும் வேகவைத்து அரைத்து மாட்டுக்கே போட்டிருக்கிறார்கள். ஒரு மாட்டின் நோய் பல மாடுகளின் வயிற்றுக்குள் போனது இந்த வழியில்தான்.

நோயைப் பரப்பியது பாக்டீரியாவும் இல்லை, வைரசும் இல்லை. மடிப்பு பிசகிய ஒரு புரதம். அந்தப் புரதத்தின் பிசகாத வடிவம் எல்லோர் மூளையிலும் இயல்பாகவே இருக்கிறது. பிசகிய ஒன்று உள்ளே வந்தால், பக்கத்தில் இருக்கும் நல்லதையும் தன் உருவத்துக்குத் திருப்பிவிடும். அது இன்னொன்றைத் திருப்பும். 1982-இல் ஸ்டான்லி புருசினர் இதற்குப் பிரியான் என்று பெயரிட்டபோது பலர் நம்பவில்லை. 1997-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அடுப்பில் எத்தனை நேரம் கொதித்தாலும் பிரியான் சாகாது. சாவதற்கு அதற்கு உயிரே கிடையாது.

1988-இல் அந்தத் தீவனத்தைத் தடை செய்தார்கள். மறு ஆண்டு, மாட்டின் மூளையையும் தண்டுவடத்தையும் மனித உணவிலிருந்து விலக்கினார்கள். ஆனாலும் மக்களிடம் சொன்னது, பயப்படாமல் சாப்பிடுங்கள் என்றுதான். 1990 மே மாதம் விவசாய அமைச்சர் ஜான் கம்மர், கேமராக்களுக்கு முன்னால் தன் நான்கு வயது மகளுக்கு பர்கரை நீட்டினார். அவர் ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை; உண்மையாகவே நம்பியிருக்கிறார். அதுதான் மனதை அதிகம் வருத்துகிறது. தீங்கு இன்னும் நிரூபணமாகவில்லை என்பதை, தீங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

1995-இல் 19 வயது இளைஞர் ஒருவர் இதே போன்ற மூளை நோயால் இறந்தார். 1996 மார்ச் 20 அன்று, மாட்டு நோய்க்கும் மனிதச் சாவுகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அரசு நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. பிரிட்டனில் மட்டும் இந்த நோயால் 178 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் முப்பதைத் தொடவில்லை. முதலில் மனச்சோர்வு, எரிச்சல், யாரோடும் பேசாமல் ஒதுங்குவது. பெற்றோர் மனநல மருத்துவரிடம்தான் அழைத்துப்போனார்கள். மாதங்கள் கழித்து நடை தள்ளாடியது, கை உதறியது, பேச்சு குழறியது. நோய் தொடங்கியபின் உயிரோடு இருந்தது பெரும்பாலும் ஓராண்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இன்றும் இதைக் குணமாக்க மருந்து இல்லை.

அறுவை சிகிச்சையில் அகற்றிய 32,000-க்கும் அதிகமான குடல்வால்களைச் சோதித்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. 16-இல் பிசகிய புரதம் இருந்தது. கணக்குப் பார்த்தால் 2,000 பேரில் ஒருவர். பப்புவா நியூ கினியில் இதே இனத்து நோயான குரு, சிலர் உடம்பில் 50 ஆண்டுக்கு மேல் உறங்கியிருந்துவிட்டு வெளிப்பட்டது. 1990-இல் பிள்ளைகள் பர்கர் சாப்பிட்டு இன்னும் ஐம்பது ஆண்டு ஆகவில்லை.