இசைப்பெட்டியும் அதன் தூரத்து எஜமானரும்

கிராமபோன் பெட்டியை நம்மிற் பலர் பாட்டனார் வீட்டுப் பரணிலேனும் பார்த்திருப்போம். சாவி கொடுத்தால் வில் இறுகும், தட்டுச் சுழலும், ஊசி அதன் வரிகளில் ஓட, பாட்டு எழும். ஒருநாள் அது பாட மறுத்தால், மறுத்ததற்குக் காரணம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. வில் முறிந்திருக்கும், ஊசி தேய்ந்திருக்கும், தட்டில் கீறல் விழுந்திருக்கும். கைதேர்ந்த தொழிலாளி ஒருவன் அதனைத் திறந்து பார்த்துச் சீர்செய்து கொடுத்துவிடுவான். இக்காலத்து வீட்டிசைக் கருவிகளோ அத்தன்மையன அல்ல. கைப்பேசியைத் தொட்டவுடன் உலகத்துப் பாடல்களெல்லாம் கூடத்தில் ஒலிக்கின்றன. மறுநாட் காலையில், ஒருவரும் தொடாதிருக்க, அதே கருவி ஊமையாய் நிற்கின்றது. திறந்து பார்ப்பவனுக்கு அதில் ஒரு பழுதும் தென்படுவதில்லை. இவ்விந்தை எதனால் நேர்கின்றது என்பதைச் சிறிது ஆராய்வாம்.

பாட்டு கைப்பேசியினின்று ஸ்பீக்கருக்குச் செல்கின்றது என்பது பலரது எண்ணம். புளூடூத் முறையில் அஃது உண்மையே. வைஃபை முறையிலோ, பெரும்பாலும், கைப்பேசி கட்டளையிடுவதோடு நின்றுவிடும். ஸ்பீக்கர் தானே இணையத்தின் வழியாகப் பாடற் கம்பெனியின் கணினியை அணுகிப் பாட்டைத் துண்டு துண்டாகப் பெற்று ஒலிக்கின்றது. ஆகவே, ஒரு பாட்டுக் கேட்பதற்குக் கைப்பேசியிலுள்ள செயலி, வீட்டு ரௌட்டர், ஸ்பீக்கருக்குள் இருக்கும் மென்பொருள், அதனைச் செய்த கம்பெனியின் சர்வர், பாடற் கம்பெனியின் சர்வர் ஆகிய இத்தனையும் ஒருமனப்பட வேண்டும். ஒன்று பிணங்கினும் வீட்டில் மௌனமே. பெட்டியின் பாகங்கள் பெட்டியை விட்டு வெளியேறிவிட்டன. அவற்றுட் சில கடல்களுக்கு அப்பால் இருக்கின்றன.

இத்தொல்லைகள் இருவகைப்படும். இயற்கையாய் எழுவன சில. மனிதர் முடிவால் வருவன சில. முன்னதை முதலிற் காண்போம்.

கண்ணெதிரே ஸ்பீக்கர் இருக்கவும், அது காணப்படவில்லை என்று செயலி சொல்வது யாவரும் அறிந்த எரிச்சல். வைஃபையில் ஒரு கருவிக்கென்றே அனுப்பப்படும் செய்தி பதிவுத் தபாலைப் போன்றது. பெற்றுக்கொண்டேன் என்ற மறுமொழி வாராவிடில் மீண்டும் அனுப்பப்படும். ஆனால், ஸ்பீக்கர்கள் தம் இருப்பை அறிவிப்பது தண்டோரா முறையில். எல்லார்க்கும் பொதுவாய் ஒருமுறை கூவப்படும். அதற்கு மறுமொழி கேட்கும் வழக்கமில்லை. அடுத்த வீட்டு வைஃபையோ, நம் வீட்டு மைக்ரோவேவ் அடுப்போ அந்நேரத்தில் குறுக்கிட்டால், கூவியது காற்றோடு போம். கைப்பேசி விருந்தினர்க்கென்று வகுத்த தனி வலையிலும், ஸ்பீக்கர் வீட்டார் வலையிலும் இருந்தாலோ, தண்டோரா அச்சுவரைத் தாண்டுவதேயில்லை.

இதனினும் நுட்பமானது, இரண்டு அறைகளில் ஒரே பாட்டை ஒருங்கே ஒலிப்பித்தல். ஒவ்வொரு ஸ்பீக்கருக்குள்ளும் படிகக் கடிகாரம் ஒன்று உண்டு. அது பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு பிசகுவது சாதாரணம். ஒன்று அவ்வளவு முந்தவும், மற்றொன்று அவ்வளவு பிந்தவும் செய்தால், ஐந்து நிமிஷப் பாட்டு முடிவதற்குள் இரண்டிற்கும் 0.03 செகண்டு வேற்றுமை உண்டாகும். ஒரு மணி நேரத்தில் 0.36 செகண்டு. ஒலி காற்றில் செகண்டுக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதாகலின், 0.03 செகண்டு என்பது ஒரு ஸ்பீக்கரைப் பத்து மீட்டர் பின்னுக்கு நகர்த்தியதற்கு ஒப்பாகும். அதற்கு மேற்படின் செவி அதனை எதிரொலியாக உணரும். ஆதலால் கருவிகள் இடைவிடாது தம் கடிகாரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டேயிருக்கின்றன. கலிபோர்னியா மாகாணத்துச் சாண்டா பார்பராவில் 2002இல் தோன்றிய சோனோஸ் கம்பெனி, 2005இல் விற்பனைக்கு விட்ட தன் முதற் கருவியிலேயே இதனைச் செம்மையாய்ச் செய்து காட்டிற்று. அக்காலத்து வைஃபை எத்துணை மெலிந்தது என்பதை நினைத்தால், அப்பொறியாளர்களைப் பாராட்டாமல் இருத்தல் இயலாது.

அதே கம்பெனியின் வரலாறே இரண்டாம் வகைத் தொல்லைக்கும் சான்றாகின்றது. பழைய கருவியை ஒப்புக்கொடுப்பார்க்குப் புதியதில் நூற்றுக்கு முப்பது தள்ளுபடி தருவதாக அது 2019இல் ஓர் ஏற்பாடு செய்தது. அதற்கு நிபந்தனை, பழைய கருவியைச் செயலியின் மூலம் ஒரு விசேஷ நிலைக்குக் கொண்டுவருதல். இருபத்தொரு நாள் கழிந்ததும் அது என்றென்றைக்கும் செயலற்றுப்போம். நன்றாய்ப் பாடிக்கொண்டிருந்த பெட்டியை இவ்வாறு சாகடிப்பதற்கு மறுசுழற்சி என்று பெயரிட்டிருந்தனர்! 2020 ஜனவரியில், தன் பழைய கருவிகள் சிலவற்றிற்கு மே மாதத்திற்குப் பின் மென்பொருட் புதுப்பு இல்லை என்று கம்பெனி அறிவித்தது. பழையதும் புதியதும் ஒரே வீட்டில் இணைந்திருப்பின் புதியதற்கும் அது கிடையாது. வாங்கினோர் கொதித்தெழுந்தனர், தலைவர் வருத்தந் தெரிவித்தார், மேற்சொன்ன சாகடிக்கும் ஏற்பாடும் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது.

கம்பெனியின் பக்கத்திலும் நியாயம் ஒன்றுண்டு. பழைய கருவிகளின் நினைவகம் மிகச் சிறிது. புதிய வசதிகள் அதனுள் அடங்கா. மேலும், வாங்குவோர் ஒருமுறை விலைகொடுக்கின்றனர்; சர்வரையும் மென்பொருளையும் பேணுஞ் செலவோ ஆண்டுதோறும் நிற்பதில்லை. ஒருமுறைப் பணத்தால் என்றும் தீராத கடமையை ஏற்ற வியாபாரம் இது. அக்கடமை எந்நாளில் முடியும் என்று பெட்டியின்மேல் அச்சிடப்படாததே குறை.

2024 மே 7ஆம் தேதி சோனோஸ் தன் செயலியை அடியோடு மாற்றி வெளியிட்டது. எழுப்புமணி அமைத்தல், உறங்கும் நேரத்தில் தானே நிற்கச்செய்தல், பாடல் வரிசையைத் திருத்துதல் முதலிய பழகிய வசதிகள் அதில் இல்லை. இவற்றினும் பெரிய அநீதி ஒன்று நேர்ந்தது. கண்பார்வையற்றோர் கைப்பேசியை ஆளுவது, திரையிலுள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளின் துணையால். ஒவ்வொரு பொத்தானுக்கும் இன்னது என்று பெயர் எழுதி, ஒன்றன்பின் ஒன்றாக அடையும் வரிசையும் அமைத்தாலன்றி அத்துணை பயன்படாது. புதிய செயலியில் இவ்வேற்பாடு குலைந்துபோயிருந்தது. இசையையே பெருந்துணையாகக் கொண்ட ஒருவர், முந்தின இரவு தாமே இயக்கிய கருவியை மறுநாள் பிறர் கையை எதிர்பார்த்து இயக்க வேண்டியவரானார். எழுப்புமணி இன்மை அசௌகரியம். இஃது அவருடைய சுயாதீனத்தையே பறித்ததாகும்.

அப்படியாயின் பழைய செயலியை மீண்டும் தந்துவிடலாகாதா என்று யாவரும் கேட்டனர். கம்பெனியாரும் அதனைச் சோதித்துப் பார்த்தனர். செயலியோடு கூட ஸ்பீக்கருக்குள்ளிருக்கும் மென்பொருளும் சர்வரும் மாறிவிட்டமையால், பழையதைக் கொணர்ந்தால் தொல்லை மிகுமேயன்றிக் குறையாது என்று அவ்வாண்டு ஆகஸ்டில் தலைவர் தெரிவித்தார். பாகங்கள் சிதறிக்கிடக்கும் பெட்டிக்கு நேற்றைய நிலை என்று ஒன்று இல்லை என்பது இதனால் விளங்கும். திருத்தப்பணிக்கு 2 கோடி முதல் 3 கோடி டாலர் வரை செலவாகும் என்று கம்பெனி மதிப்பிட்டது. 2025 ஜனவரியில் அத்தலைவர் பதவியை விட்டு விலகினார்.

யாரும் எதையும் மாற்றாதபோதும் ஊமையாதல் உண்டு. கூகிள் கம்பெனி 2015இல் குரோம்காஸ்ட் ஆடியோ என்னும் சிறு வட்டக் கருவியை வெளியிட்டது. பழைய ஸ்பீக்கர் எதனோடும் கம்பியால் அதனை இணைத்து இணையப் பாட்டுக் கேட்கலாம். 2019இல் அதன் உற்பத்தி நின்றது. வாங்கியவர் வீட்டில் அது பாடிக்கொண்டுதான் இருந்தது. 2025 மார்ச்சில் ஒரு நாள், அதுவும் அதன் காலத்து இரண்டாந் தலைமுறைக் குரோம்காஸ்டும் உலகெங்கும் ஒருங்கே நின்றுவிட்டன. இக்கருவி உண்மையானதே என்று உறுதிசெய்யும் நற்சாட்சிப் பத்திரம் ஒன்று அதனுள் பதிக்கப்பட்டிருந்தது. அதற்கு ஆயுள் பத்தாண்டு. அந்நாளோடு அது முடிந்தது. கைப்பேசி அக்கருவியை நம்ப மறுத்தது. பழுது என்று எண்ணித் தொடக்கநிலைக்கு மீட்டவர்கள் மேலும் இடர்ப்பட்டனர். அவ்வாறு செய்யவேண்டாம் என்று கூகிளே எச்சரிக்க நேர்ந்தது. சில நாட்களிற் புதிய பத்திரம் வந்து சேர்ந்தது என்பது உண்மை. கம்பெனி மனம்வைத்ததனால் வந்தது; வையாதிருப்பின் அவை குப்பையே.

இனி, வாங்க எண்ணுவோர் கடையிலேயே கேட்டறியத்தக்கன சில. இணையத்தைத் துண்டித்தாலும் இக்கருவி நம்மிடமுள்ள பாடலை ஒலிக்குமா? கம்பி செருகும் துளை உண்டா? அத்துளை ஒன்றிருப்பின், சர்வர்களெல்லாம் மாண்டாலும் அது ஸ்பீக்கர் என்ற தகுதியை இழவாது. அதனை நடத்தும் மென்பொருள் யாவரும் எடுத்துத் திருத்தும்படி வெளியிடப்பட்டுள்ளதா?

இக்கடைசிக் கேள்விக்கு ஸ்குவீஸ்பாக்ஸ் என்னும் கருவியே தக்க விடை. அதனைச் செய்த ஸ்லிம் டிவைசஸ் கம்பெனியை 2006இல் லாஜிடெக் வாங்கிற்று. 2012இல் அவ்வரிசையை நிறுத்திவிட்டது. அதற்கென்று நடத்திவந்த இணைய சர்வரையும் 2024இல் மூடிவிட்டது. ஆயினும், அதற்குப் பாட்டு ஊட்டும் மென்பொருள் முதலிலிருந்தே திறந்த முறையில் வெளியிடப்பட்டிருந்தமையால், உபயோகிப்போரே அதனை ஏற்றுப் பேணினர். லிரியன் என்ற புதுப்பெயரோடு அது நிலவுகின்றது. கூடத்து மூலையிலுள்ள சிறு கணினி ஒன்றில் அதனை இட்டு, கைவிடப்பட்ட அப்பெட்டிகளை இன்றும் பாடச்செய்வோர் பலர் உளர்.